நட்சத்திரத் தாளின் முதுகு

சின்ன இடுக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி, செருப்புப் பெட்டிக்குள் மூக்கு நுழையும் அளவுக்குக் குனிந்திருக்கிறார் லிஃப்ட்காரர். பெட்டிக்குள் ஒரு நாடக அரங்கம். உள்ளங்கை அகலத்தில் சிவப்பு வெல்வெட் திரை. ஓரத்தில் தொங்கும் நூலைச் சுண்டுவிரலால் இழுக்கிறார். திரை மேலே ஏறி, உச்சிக்குப் போனதும் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது.

“ம்ஹூம். இறங்குற ஆளு தடுக்கி விழுந்துருவான்.”

அந்தத் திரையில் எந்த ஆளும் ஏறப்போவதில்லை, இறங்கப்போவதும் இல்லை. இருந்தாலும் நூலின் மறுமுனையில் எடைக்காகக் கட்டியிருந்த சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் கனமான இன்னொன்றைக் கட்டுகிறார். இது பதினோராவது பொத்தான்.

இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மேலே போகும் கூண்டுக்குச் சமமாக மறுபக்கம் ஓர் எடை கீழே வந்தால்தான் லிஃப்ட் ஓடும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அவருக்கு அதே பதில்தான். “மேல போறதுக்குச் சமமா ஒண்ணு கீழ வரணுங்க. மத்ததெல்லாம் எண்ணெய் போட்டா சரியாப்போயிடும்.” ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் கொடுத்தாலும், நான்காவது மாடியிலிருக்கும் தன் வீட்டுக்குப் படியேறித்தான் வருவார். வேலை இல்லாத நேரத்தில் அதை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பார்.

அவருடைய அரங்கங்களுக்கான பாதிச் சரக்கு லிஃப்ட் குழியிலிருந்து வருகிறது. கூண்டுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து ஒன்று இருக்குமே, அதன் வழியாக மனிதர்கள் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்பது குழியில் இறங்குபவருக்குத்தான் தெரியும். சினிமா டிக்கெட், ஒற்றைத் தோடு, மருந்துச் சீட்டு, தபால்தலை, ஜரிகை நுனி, காதல் கடிதம். பேர் இருக்கும் பொருளை அந்தப் பேர்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவார். பேர் இல்லாதது அவருக்கு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: முகவரியைத் தவிர எதையும் படிக்க மாட்டார். பழைய தாளில் பசை தடவும்போதுகூட, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கைப்பழக்கத்தில் தடவுவார். “அடுத்தவங்க எழுத்துங்க. நமக்கு எதுக்கு?”

மீதிச் சரக்கைப் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் மச்சினன் கொண்டுவருகிறான். சனிக்கிழமைதோறும் ஒரு கட்டு. லிஃப்ட்காரர் ஒவ்வொரு தாளையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே சேர்ப்பார். பழைய கடல் வரைபடம் அரங்கத்தின் கடலாகும். விதைப் பொட்டலத்தின் படம் தோட்டமாகும். சாக்லெட் தங்கத்தாளை நகத்தால் நீவி நீவித் தூணுக்குச் சுற்றுவார். இசைக் குறிப்பு அச்சிட்ட மஞ்சள் காகிதம் சுவருக்கு, தீப்பெட்டிப் படங்கள் மாடத்துக்கு, சமிக்கி மேடை விளக்குக்கு. இப்படி அறுபத்து மூன்று அரங்கங்கள் அலமாரியிலும் ஜன்னல் மாடத்திலும் குளிர்பெட்டியின் தலையிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலும் நடிகர்கள் கிடையாது. ஏன் என்று கேட்பவர்களிடம் “உள்ள மேக்கப் நடக்குது” என்பார்.

ஒட்டுவதற்கு அவரே காய்ச்சும் மைதா பசைதான். கடையில் ட்யூபில் விற்கும் பசையை வாங்கச் சொல்லி மச்சினன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

“அது ஒட்டினா ஒட்டினதுதான் மாப்ள. நாளைக்கு ஒண்ணு பழுதாச்சுன்னா எப்படிக் கழட்டுவே? கழட்ட முடியாத மாதிரி எதையும் மாட்டக் கூடாது.”

இதே வீட்டின் முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின் ஓடுகிறது. அந்த வட்டாரத்தில் அவரைக் ‘கைக்கார அக்கா’ என்பார்கள். அவர் தைக்கும் சட்டைக் கையில் அப்படி ஒரு சங்கதி. கையை எவ்வளவு உயரத் தூக்கினாலும் உடுப்பு கூடவே ஏறி வராது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களும், கரும்பலகையில் எழுதும் டீச்சர்களும், பரணில் பாத்திரம் வைப்பவர்களும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். எட்டு வருடம் திருத்தித் திருத்திப் பிடித்த வளைவு அது. ஒரே ஒரு தாளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். “நகல் எடுத்தா அரை நூல் அளவாவது தள்ளும்” என்று இரண்டாவது பிரதி எடுக்கவேயில்லை. கணவரின் அரங்கங்களை அவர் குறை சொன்னதில்லை, தொட்டதுமில்லை. லேசும் சமிக்கியும் மீந்தால் ஒரு டப்பாவில் போட்டுவைப்பார், அவ்வளவுதான். தூசு தட்டும்போது மட்டும் “உங்க குடித்தனக்காரங்களைக் கொஞ்சம் நகர்த்துங்க” என்பார்.

போன மாதம் இந்த இரண்டு தொழிலும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன.

நூலகத்தில் புதுக் கூடம் கட்டியிருந்தார்கள். திறப்புக்கு, வாசலிலேயே வைப்பதற்குப் பெரிதாக ஓர் அரங்கம் வேண்டுமென்று நூலகர் லிஃப்ட்காரரிடம் கேட்டார். அவர் செய்த ஒன்று வீட்டை விட்டு வெளியே போய் ஊர்ப் பார்வைக்கு நிற்கப்போவது அதுதான் முதல் தடவை. நான்கு மாதம் உழைத்தார். அதே விழாவில் பாடப்போகும் பாட்டுக் குழுவில் பதினெட்டுப் பெண்கள். கடைசி வரியில் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். அதனால் உடுப்பு தைக்கும் பொறுப்பு கைக்கார அக்காவிடம் வந்தது. விழா ஞாயிற்றுக்கிழமை. சாயம் போட்ட துணி புதன்கிழமைதான் வந்து சேர்ந்தது.

வியாழன் காலை முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, மெஷினுக்குப் பின்னாடி ஒரு சுருள் நிக்குமே, பார்த்தீங்களா?”

“நட்சத்திரம் போட்டதா?”

“நட்சத்திரமெல்லாம் எனக்குத் தெரியாது. கை பேட்டர்ன்.”

லிஃப்ட்காரரின் வாயிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

அது ஒரு பழைய பரிசுப்பொருள் சுற்றும் தாள். ஒரு பக்கம் கருநீலத்தில் வெள்ளி நட்சத்திரங்கள். மறுபக்கம் வழவழப்பான வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் அக்கா எட்டு வருடமாகக் கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரப் பக்கம் வெளியே தெரியச் சுருண்டு நின்றதை, மச்சினன் வைத்துவிட்டுப் போன சரக்கென்று நினைத்து லிஃப்ட்காரர் முந்தின வாரம் எடுத்துக்கொண்டார். பசை தடவும்போது பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. வழக்கம்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் அரங்கத்தைத் தூக்கிவந்து மனைவியின் முன்னால் வைத்து, நூலை இழுத்தார். திரை மேலே போனது. மூன்று அடுக்காக வானம். மேகம் மேகமாக நெளித்து வெட்டிய வானம். நடுவே நிலாவுக்காக வட்டமாக ஓர் ஓட்டை, பின்னால் ஒரு குட்டி பல்பு.

அக்கா குனிந்து மேகங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். திட்டியிருந்தால் தேவலை என்று லிஃப்ட்காரருக்கு இருந்தது.

“எட்டு வருஷங்க” என்றார் அக்கா. “நூலகத்துக்கு இல்லேன்னு சொல்லிடறேன். வேற என்ன பண்ண?”

“இரு. அது மாவுப் பசைதான்” என்றார் அவர்.

நான்கு மாத வேலையை அவர் தன் கையாலேயே பிரித்தார். ஈரத் துணியை மேலே போட்டு மனைவியின் இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி, ஆவியில் பசை இளகியதும், பழைய எக்ஸ்ரே தாளின் நறுக்கு ஒன்றை அடியில் மெல்லச் செருகிச் செருகி வானத்தை உரித்தார். மதியத்துக்குள் ஏழு துண்டுகளும் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கோட்டோடு கோடு சேர்த்தார்கள். கை முழுசாக வந்தது, ஓர் இடம் தவிர. முன்வளைவும் பின்வளைவும் வந்து சேரும் அக்குள் பகுதியில், சரியாக நிலா.

“வெட்டின வட்டம் எங்க?”

அவர் எதையும் எறிகிறவர் இல்லை. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார்கள். இருபது வருட நறுக்குகளுக்குள் அந்த வட்டம் மட்டும் இல்லை. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏழு மாடிக் கட்டடத்தின் காவலாளி ஃபோன் நம்பர் கேட்டபோது, பையிலிருந்த அந்த வட்டத்தின் நட்சத்திரப் பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தார். உடனே கூப்பிட்டுக் கேட்டார்.

“நம்பரை ஃபோன்ல ஏத்திட்டேண்ணே” என்றார் காவலாளி. “சீட்டை மடிச்சுப் பல்லு குத்திட்டுப் போட்டுட்டேன்.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அந்த இடந்தாங்க உயிரு. அங்க அரை நூல் பிசகினா மொத்த உடுப்பும் மேல வரும். எனக்குக் கை மறந்துபோச்சு.”

லிஃப்ட்காரர் தன் அரங்கத்தைப் பார்த்தார், அதில் தொங்கிய பொத்தானைப் பார்த்தார்.

“எடை எவ்வளவுன்னு தெரியலேன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒண்ணைக் கட்டி ஓட்டிப் பார்ப்போம். குலுங்குச்சுன்னா அவுத்துட்டு வேற கட்டுவோம். என் உடம்புல தைச்சுப் பாரு.”

“உங்க சைஸ்ல யாரு பாடுறா?”

“ஒருத்தர்கூடவா இல்ல?”

அக்கா யோசித்தார். “ரெண்டாவது வரிசையில மூணு பேர் இருக்காங்க” என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பூப்போட்ட பழைய விரிப்பை வெட்டி, நிலா இருந்த இடத்தில் வளைவை ஊகமாக இழுத்து, அக்கா ஓர் உடுப்பின் வலப்பாதியைத் தைத்து மாட்டிவிட்டார். தோளில் புஸ்ஸென்று உப்பிய கை. லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். “பிடிக்குது.” பிரித்தார்கள், இன்னொன்று. “இப்ப தொளதொளன்னு இருக்கு.” இன்னொன்று. பொய்யாகக்கூட நல்லாயிருக்கிறது என்று சொல்ல அவருக்கு வரவில்லை. திரைக்குக் காட்டும் அதே பிடிவாதம். நாலாவது கையோடு, கண்ணை மூடி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு நடுவீட்டில் நின்றபோது, சனிக்கிழமைக் கட்டை இரண்டு நாள் முன்னதாகவே தூக்கிக்கொண்டு மச்சினன் வந்தான்.

“மாமா, என்னது இது?”

“ட்ரையல் ஓடுது மாப்ள. அங்கேயே நில்லு.”

ஆறாவது கையை மாட்டித் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். எக்கி நின்று பரணைத் தொட்டார். இடுப்புப் பக்கம் துணி அசையவேயில்லை.

“வந்துருச்சு. லிஃப்ட் மாதிரி தரையோட தரையா நிக்குது.”

அக்கா அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, அக்குளில் விரல் வைத்துப் பார்த்தார். “பழசைவிட நல்லாயிருக்குங்க” என்றார் மெதுவாக. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உடனே புதுத் தாளில் வளைவை எடுத்தார். இந்த முறை இரண்டு பிரதி.

அடுத்த இரண்டு நாளும் வீடு முழுக்கத் துணிதான். லிஃப்ட்காரர் லீவு போட்டுவிட்டுக் கொக்கி வைத்தார், பொத்தான் கட்டினார், நூல் பிசிறு வெட்டினார். சனிக்கிழமை மதியம் பதினெட்டாவது உடுப்பை மடித்து வைத்த பிறகு, அக்கா ஏழு வானத் துண்டுகளையும் அடுக்கி அவரிடம் நீட்டினார்.

“இனிமே ஒட்டுறதுக்கு முன்னாடி முதுகைப் பாருங்க.”

“அடுத்தவங்க எழுத்தைப் பார்க்கக் கூடாதுன்னு…”

“நான் அடுத்தவளா?”

அவர் பசை காய்ச்சப் போனார். அக்கா முதன்முறையாக அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்து, மேகத்தின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். நூலக அரங்கத்தின் திரையும் உச்சியில் குலுங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் பொத்தானை அவிழ்த்துவிட்டு, அக்கா மெஷினிலிருந்து கழற்றிக் கொடுத்த நூல் சுற்றிய பாபினைக் கட்டினார். திரை ஏறியது. குலுக்கல் இல்லாமல் நின்றது. இருவரும் அதை ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கினார்கள். சும்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் நிற்க இடமில்லை. வாசலில் அரங்கம், அதன் பக்கத்தில் தேய்த்த சட்டையோடு லிஃப்ட்காரர். நூலகர் தலையசைத்ததும் நூலை இழுத்தார். திரை ஏறி நட்சத்திரங்களும் நிலாவும் தெரிந்தபோது கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் யாரோ நடிகர்கள் எங்கே என்று கேட்டார்கள். “வந்துட்டே இருக்காங்க” என்று கூடத்தின் மறுகோடியைக் காட்டினார். அங்கே பாட்டுக் குழு வரிசையாக வந்து நின்றது.

பாட்டு முடியும் நேரத்தில் சுவரோரமாக நின்றிருந்த அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். கடைசி வரி வந்தது. பதினெட்டுப் பெண்களும் கைகளை உயர்த்தினார்கள். கூட்டம் அவர்கள் முகத்தைப் பார்த்தது. லிஃப்ட்காரர் அவர்களுடைய இடுப்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, இடக்கையில் திரை நூலைப் பிடித்தபடி, தன் வலக்கையையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கி அக்குளில் எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தார்.