கண்ணுக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளா, ஸ்ரீவில்லிபுத்தூர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற மாமாவைக் கண்டால் சின்ன வயதில் இரண்டு பேரும் என் வேட்டிக்குப் பின்னால் ஒளிவீர்கள். அவர் கைகள் முழங்கை வரை சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மூத்தவன் மட்டும் மெல்லத் தலையை நீட்டி, அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பான். "சைக்கிள் ஸ்டாண்டுல எதுக்குப்பா இதை ஒட்டியிருக்காங்க?" என்பான். நான் பதில் சொல்லாமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இப்போது சொல்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். பேல் பேலாகக் கட்டி வரும் பஞ்சைப் பிரித்து அடித்துத் தூசி எடுக்கும் கூடம் எங்களுடையது. அடித்த பஞ்சைப் பெரிய தகரக் குழாய் வழியாகக் காற்று அடுத்த கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பஞ்சுக்குள் ஓர் ஆணியோ கம்பித் துண்டோ கிடந்தால் மெஷினின் இரும்புப் பல்லில் பட்டுப் பொறி பறக்கும். பொறி குழாயோடு போய் அடுத்த கூடத்தில் தீயாக எழும்பும். மில்லில் எல்லோருக்கும் உள்ளூர உள்ள பயம் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கருவி ஒன்று வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் அதைக் குழாயில் மாட்டினார். டார்ச் லைட் முகம்போல இரண்டு கண்ணாடிகள் குழாய்க்குள் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டிருக்கும். பொறி ஒன்று கடந்தால் போதும், உள்ளே ஒரு கதவு திரும்பி அந்தப் பஞ்சை இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிடும். மணி அடிக்கும். மெஷின் நிற்கும்.

"மனுஷன் கண்ணு இமைக்கும். இது இமைக்காது" என்றார் இன்ஜினியர்.

"எங்க மேஸ்திரிக்கு இமைச்சா தொறக்க ஒரு மணி நேரம் ஆகும் சார். அவரையும் கழத்திட்டு இப்படி ஒண்ணு மாட்டிருங்க" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன். மேஸ்திரியே சிரித்துவிட்டார்.

அந்த அண்ணன்தான் சைக்கிள் ஸ்டாண்டு மாமா. எங்கள் தெருக்காரர். என்னை மில்லில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

கொஞ்சம் படித்தவன் என்று கண்ணாடியைத் துடைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சனிக்கிழமைதோறும் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, மாட்டி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தூசி படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது என்று இன்ஜினியர் இரண்டு தடவை சொன்னார். அண்ணன் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"ஏலே கண் டாக்டர், எனக்கும் செத்த பாருலே. பத்து மணிக்கு மேல கடிகாரத்துல முள்ளு நகருததே தெரிய மாட்டேங்கு."

முதல் மாதத்திலேயே மணி அடித்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தோம். கைப்பிடிப் பஞ்சின் நடுவில் மிளகாய் விதை அளவுக்கு ஒரு கங்கு. அன்றிலிருந்து அந்தக் கருவி சொன்னால் சொன்னதுதான்.

ஆயுத பூஜை வந்தது. மில் முழுவதையும் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். என் பங்குக்கு நான் கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்தேன். கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, வெளிப்பக்கம் இருப்பது வெறும் தகரம்தானே என்று தோன்றியது. நம்மைக் காப்பாற்றுவது இந்தக் கண்ணாடி. சாமிக்குப் பொட்டு வைக்கிறவன் பீடத்துக்கா வைப்பான்? இரண்டு கண்ணாடியிலும் நடுவில் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்டு மாட்டினேன். தூசி படக் கூடாது என்றுதான் சொன்னார்கள். சந்தனத்தை அழுக்கோடு சேர்த்து எண்ண எனக்குத் தெரியவில்லை. நோட்டில் 'துடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விடுமுறை முடிந்து மில் ஓடிய முதல் நாள் காலை. டீ வருகிற நேரம். அடுத்த கூடத்தில் குழாய் முடிகிற இடத்திலிருந்து புகை வந்தது. மணி அடிக்கவில்லை. அங்கே பக்கத்திலேயே பஞ்சு மலைபோல் குவிந்திருந்தது. குவியலுக்கு அந்தப்புறம் பெருக்குகிற பெண்கள் நான்கைந்து பேர். அண்ணன் ஓடிப்போய்க் குழாய் முடிவில் இருந்த இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே எரிகிற பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே தரையில் எறிந்தார். நாங்கள் மணலைக் கொட்டினோம். தீ அணைந்தது. அண்ணன் கைகளை முன்னால் நீட்டியபடியே நின்றார். தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இங்கே ஒரு கணக்குப் போட்டார்கள். பொறி குழாய் வழியாக வந்திருந்தால் கருவி பார்த்திருக்கும். மணி அடிக்கவில்லை. ஆகவே தீ குழாய் வழியாக வரவில்லை, அந்த இடத்தில் யாரோ வைத்த தீ. அண்ணன் மடியில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருந்தன. கேட்டுக்கு வெளியே மட்டும் குடிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் மேஸ்திரி சொன்னார், "எம்புட்டு நாளா சொல்லுதேன், மடியில பீடியோட உள்ள வராதேன்னு. கேட்டானா?"

அந்தச் சனிக்கிழமை கண்ணாடியைக் கழற்றினேன். சந்தனம் காய்ந்து, வெடித்து, அப்படியே ஒட்டிக் கிடந்தது. மணி ஏன் அடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து மாட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் விரலில் சந்தன வாசம் இருந்தது.

விசாரணையில் மேனேஜர் நோட்டைக் காட்டிக் கேட்டார்: "கண்ணாடி சுத்தமா இருந்ததா?"

"துடைச்சிருந்தேன் சார்" என்றேன். துடைத்தது உண்மைதான். அதற்குப் பிறகு செய்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களில் ஒருவன் அப்போது தொட்டிலில். அது காரணம் ஆகாது, அன்றைக்கு நினைத்ததைச் சொல்கிறேன். அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சானுடைய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஐந்தாறு மாதம் எப்படியோ தள்ளினேன். அதற்கு மேல் முடியாமல் பஸ் ஏறினேன்.

"வாலே கண் டாக்டர்" என்றார். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் டோக்கனை இடுக்கி, வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு சந்தனம்லே வச்ச?"

"ஒரு ரூவா அகலத்துக்குண்ணே."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ரெண்டுலயும்."

"நல்லாத்தான் கும்பிட்டிருக்க."

அடுத்து வந்தவருக்கு டோக்கனைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம் பொண்டாட்டியே நான் பீடி பத்த வச்சேன்னுதான் நம்பிட்டிருக்கா. அவளை விடு. ஆஸ்பத்திரியில கிடக்கையில எனக்கே சந்தேகம் வந்துட்டு. மெசினு பொய் சொல்லாதுல்லா? நாமதான் நெனவில்லாம பத்த வச்சிருப்பமோன்னு ராவும் பகலும் யோசிச்சேம்ல."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"போய்ச் சொல்லு. இந்தக் கையை வச்சுக்கிட்டு இனி எனக்கு மில்லு வேலை வேண்டாம். நான் வைக்கலைன்னு ஒரு தாள் மட்டும் வாங்கிட்டு வா. அவகிட்ட காட்டணும்."

நடந்ததை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நோட்டைத் திறந்தார். "இது உன் கையெழுத்துதானே? சந்தனம் இருந்ததுக்குச் சாட்சி எங்கே?"

"நானே துடைச்சிட்டேன் சார்."

"ஒரே தெருக்காரன். பரிஞ்சு பேச வந்திருக்க. போய் வேலையைப் பார்." தாளை மேஜை டிராயருக்குள் போட்டார். மறுநாள் முதல் துடைக்கிற வேலை வேறு ஆளுக்குப் போனது.

அண்ணனிடம் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. போகவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், குழாயில் அந்தக் கருவிக்குக் கீழே டைப் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'இதன் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது. - நிர்வாகம்.' மூன்று தடவை படித்தேன். என் பேச்சை ஒருவரும் நம்பவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

"என்னலே பாக்க?" என்றார் மேஸ்திரி.

அவர் கண் முன்னாலேயே அதைக் கிழியாமல் உரித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மில் நோட்டீஸைக் கிழித்ததாகச் சொல்லி என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். சந்தனம் வைத்ததற்கு இன்றுவரை எனக்கு ஒரு தண்டனையும் இல்லை.

அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அண்ணன் தன் வீட்டுக்காரியை ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டார். நான் தாளை விரித்துப் பிடிக்க, மதினி வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அண்ணன் கைகளைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மில்லுக்காரவிய நீ சொன்னத நம்பித்தான் இருக்காவ" என்றார் அண்ணன்.

சோற்றுப் பருக்கையை மசித்து, நான்தான் அதை ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டினேன்.