வந்தால் தள்ளிக்கொள்ளலாம்

எங்கள் குருவிமலைத் தோட்டத்துக்கு வந்த வண்டிகளில் பாதி தானாக ஏறி வந்ததில்லை, நாங்கள் தள்ளித்தான் வந்தது. மடுல்சீமையைத் தாண்டி மேலே ஏறும் பாதை அப்படி. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் பள்ளம். ஆனாலும் கீழேயிருந்து யாராவது, "பாதை எப்படி, வண்டி வருமா?" என்று கேட்டால் தோட்டத்தில் ஒரே பதில்தான். "தாராளமா வரும் சார்." வராது என்று சொன்னால் அதையே சாக்காக வைத்து வராமல் இருந்துவிடுவார்கள். அதிகாரிக்குச் சாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிவிடும். ஊசி போடுகிறவர்களோ, தகரம் ஏற்றிய லொறியோ, வோட்டுக் கேட்கிறவர்களோ, முதலில் கிளம்பி வரட்டும். வந்து சேற்றில் மாட்டினால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம்.

இதில் அழகையா அண்ணன் பெரிய கெட்டிக்காரர். ஒபீசில் தப்பால்காரர் வேலை அவருக்கு. தபால் பையை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். கிளாக்கர்மார் இல்லாத நேரத்தில் தொலைபேசியை எடுப்பதும் அவர்தான். எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போன காக்கிக் கோட்டு ஒன்று வைத்திருந்தார், முழங்கால்வரை தொங்கும். அதை மாட்டிக்கொண்டு அவர் இறங்கிப் போகும்போது, "என்ன துரை, ரவுண்டு கெளம்பியாச்சா?" என்று கேலி செய்வோம். "ஆமா, வேல செய்யாதவங்க பேரெல்லாம் எழுதப் போறேன். மொதப் பேரு ஒன்னோடதுதான் செவனம்மா" என்பார். நான் பிள்ளை மடுவத்தில் கொழுந்துக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எனக்கு வாய்தான் வேலை என்பது அவர் கட்சி.

தொலைபேசியைக் கையில் எடுத்தால் மட்டும் அவருக்கு அந்தக் கோட்டுக்குப் பொருத்தமான குரல் வந்துவிடும். ஒருமுறை போக்குப் பாலம் உடைந்து கிடந்தபோது, "பாதையா? பட்டு மாதிரி இருக்குங்க, வாங்க" என்று சொல்லி மருந்து வேனை மேலே வரவழைத்துவிட்டார். டிரைவர் இறங்கி எங்கள் பரம்பரையையே திட்டினான். நாங்கள் சிரித்துக்கொண்டே வேனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தூக்கி வைத்தோம். அன்று பிள்ளைகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது, வேறென்ன வேண்டும்?

தொண்ணூற்றி மூன்றாம் வருடம் முடிகிற நேரம். மார்கழி மழை விடாமல் கொட்டி, தேயிலை ஸ்டோருக்குக் கீழே மலை சரிந்து பாதையைக் கொண்டுபோய்விட்டது. நத்தார் பண்டிகைக்கு வீடு போன கிளாக்கர்மார் திரும்ப முடியவில்லை. என் அக்கா மாரியாயிக்கு அப்போது நிறைமாதம். வலி எடுத்து ஒரு ராத்திரி முழுக்கப் போயும் பிள்ளை வரவில்லை.

"குறுக்க கெடக்கு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் ரெண்டு உசிரும் தங்கும்" என்றார் மருத்துவிச்சி அம்மா.

அழகையா அண்ணன் தெரிந்த ஒபீசுக்கெல்லாம் தொலைபேசி அடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆம்பிளைகள் காத்திருக்கவில்லை. கம்பில் கம்பளியைத் தூளிகட்டி, காட்டுப் பாதையால் அக்காவைத் தூக்கிப்போகத் தயாரானார்கள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ஒபீஸ் வாசலில் நின்ற எனக்கும் கேட்கும்படி ஒருவர் கத்திப் பேசினார். மொனராகலை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் சிவராசா, யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணை, சாமான் கொண்டுவந்த ஹெலிகொப்டர் ஒண்டு இஞ்ச மைதானத்தில நிக்குது. உங்கட ஆளை ஏத்த வரலாம் எண்டு பைலட் சொல்லுறார். அங்க மூட்டம் இருக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒபீசுக்கு எதிரே இருக்கும் கிரவுண்டின் அந்தப் பக்கத்துக் கோல் கம்பம் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு வெள்ளைக்குள் போய்விட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இல்லையென்று சொல்லச் சொல்லி நான் தலையை ஆட்டினேன். நான் ஆட்டாவிட்டாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"மூட்டமா? இல்லைங்க. பளிச்சுன்னு இருக்கு. ஒடனே வரச்சொல்லுங்க."

தூளியை இறக்கி வைத்தோம். அக்காவைக் கிரவுண்டு ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு படங்கை விரித்துக் கிடத்தினோம். நடுவில் வெள்ளைத் துணிகளை விரித்துக் கல் வைத்தோம். அக்கா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே ஆகாசத்துல போகப் போறேனாடி?" என்று கேட்டாள். அந்த வலியிலும் அவளுக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது.

சத்தம் வந்தபோது எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தெரியவில்லை. மூட்டம் அப்படி இறங்கிவிட்டிருந்தது. தலைக்கு நேர் மேலே தடதடவென்று கேட்கிறது, ஆனால் ஒன்றுமே தெரியவில்லை. அழகையா அண்ணன் கோட்டைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, "இங்க, இங்க" என்று கிரவுண்டைச் சுற்றி ஓடினார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது, திரும்பி வந்து இன்னும் தாழ்ந்தது, பிறகு மெதுவாகத் தூரப் போய்விட்டது. வேனாக இருந்தால் இறங்கித் தள்ளியிருப்போம். சத்தத்தை எப்படித் தள்ளுவது?

அது திரும்பி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அதற்குள் மூட்டம் விலகி, யாரோ கழுவிவிட்ட மாதிரி வானம் நீலமாக வந்தது. கீழே மொனராகலைப் பக்கத்துச் சமவெளி எல்லாம் தெரிந்தது. அந்த வெயிலில்தான் மறுபடியும் தூளியைத் தூக்கினார்கள். காட்டுப் பாதையில் ஆற்றைத் தாண்டும் முன்பே அக்கா போய்விட்டாள், பிள்ளையும் அவளோடு போய்விட்டது.

பாதையை ஒருவாறு சரிசெய்த பிறகு, நிவாரணச் சாமான் லொறியோடு சிவராசா ஐயாவே வந்தார். அந்த லொறியையும் நாங்கள்தான் தள்ளினோம். ஒபீஸ் வாசலில் நின்று அவர் விஷயத்தைச் சொன்னார்.

"உயரமான இடத்தில காத்து மெலிசு. அதில ஒரு ஆளையும் ஏத்திக்கொண்டு எழும்ப வேணுமெண்டால் பாரம் குறைய வேணும். அதால எண்ணெயை அளவாத்தான் வச்சிருந்தவை. இஞ்ச வர, கொஞ்சம் சுத்த, பிறகு தங்கட இடத்துக்குப் போய்ச் சேர. அவ்வளவுதான்."

"கொஞ்ச நேரம் மேலயே நின்னுருக்கலாமே சாமி?" என்று நான் கேட்டேன்.

"மேல நிண்டால் எண்ணெய் எரியும் பிள்ளை. நிலத்தில நிண்டால் எரியாது. மொனராகலையில நல்ல வெயில். மூட்டம் எண்டு சொல்லியிருந்தால் மெஷினை நிப்பாட்டிப்போட்டு அங்கயே இருந்திருப்பினம். விட்டிட்டுது எண்டு சொன்ன உடன எழும்பியிருக்கலாம். இது இஞ்ச வந்து எண்ணெயை எரிச்சுப்போட்டுத் திரும்பிப் போக, அங்க வேற இடத்துக்கு அனுப்பிப்போட்டினம்." பிறகு அழகையா அண்ணனைப் பார்த்தார். "நானும் இன்னொருக்கா வடிவாக் கேட்டிருக்கலாம்" என்றார்.

வந்தவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரப் போன அண்ணன் திரும்பி வரவேயில்லை. ஸ்டோருக்குப் பின்னால் தேயிலைச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

எனக்கு அது போதவில்லை. என் அக்காவைக் கொன்றது மலையா, மழையா, உடைந்த பாதையா என்று யோசிக்க நான் தயாராக இல்லை. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அவர் முகம் தினமும் மடுவத்தைத் தாண்டிப் போனது. நான் தலையாட்டியதை வசதியாக மறந்துவிட்டேன். அவர் தபால் பையோடு போகும்போது வாசலுக்கு வந்து, "என்னண்ணே, பளிச்சுன்னு இருக்கா?" என்று கேட்பேன். முதல் வருடம் அழுதுகொண்டு கேட்டேன். போகப்போக அது பழக்கமாகிவிட்டது, கொழுந்துக்காரிகள்கூடச் சிரிப்பார்கள். அவர் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. நின்று, தலையைக் குனிந்து, பிறகு போவார். அந்தக் கோட்டை அவர் மறுபடி போடவேயில்லை. இன்று நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு அவர் பொய்யே சொல்லவில்லை. கேட்பதற்கு நல்லாயிருக்கும், கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தத் தொல்லை. மேலே மழையா என்று பஸ்காரன் கேட்டால், இவர் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் பையனைப் பற்றிக் கேட்டபோது, "குடிப்பான், ஆனா நல்ல பையன்" என்றார். அவர்கள் முதல் பாதியோடு கிளம்பிவிட்டார்கள். கூரைத்தகரம் கொண்டுவர இருந்த லொறிக்காரர்கள் பாதையைக் கேட்டபோது, "லொறி ஏறாதுங்க, வளைவுல மண்ணு கெடக்கு" என்று உள்ளதைச் சொன்னார். தகரம் தெமோதரைப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுக்கச் சட்டி பானை வைத்து ஒழுக்குத் தண்ணீர் பிடித்த ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குத் திட்டுத்தான்.

"பொய் சொன்னா ஒருத்தி திட்டுறா. நெசத்தச் சொன்னா தோட்டமே திட்டுது" என்று அவர் மனைவி என்னிடம் வந்து புலம்பினாள். அந்த ஒருத்தி நான்தான். அன்றாவது நான் அவரிடம் போய், விடுங்கண்ணே, அன்றைக்கு நானும்தான் இல்லையென்று தலையாட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கு வந்தது, வீம்பு விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் எனக்கு ஒரு கைபேசி கிடைத்தது. அண்ணன் அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஒரு காலை, கொழுந்துக்காரிகள் எல்லாம் மலைக்குப் போன பிறகு, மடுவத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். குளிரில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுது தங்கச்சி" என்றார். சுவரில் சாய்த்து உட்காரவைத்து, சட்டையைத் தளர்த்திவிட்டு, மடுல்சீமை டவுனில் வேன் வைத்திருக்கும் நஸீர் தம்பிக்கு அடித்தேன். கொஞ்ச நாளைக்கு முன் மேல் வளைவில் ஒரு டிரக்டர் மூட்டத்தில் தடம் தெரியாமல் உருண்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் மூட்டத்தில் மேலே வருவதில்லை.

"எங்கக்கா, மடுவத்துக்கா? மேல மூட்டம் இருக்கா?" என்றான் நஸீர்.

வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பத்தடி தள்ளியிருக்கும் தண்ணீர்க் குழாய்கூடத் தெரியவில்லை. இல்லை தம்பி, வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை எட்டிப் பிடித்தார்.

"இருக்குன்னு சொல்லு. வாறவனும் பிள்ளகுட்டிக்காரன்."

"சும்மா இருங்கண்ணே."

"வேணாம் செவனம்மா. மறுபடியும் வேணாம்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடமாக எந்தப் பொய்க்காக அவரைக் குத்திக்கொண்டிருந்தேனோ, அதே பொய்யை அவர் முன்னாலேயே எப்படிச் சொல்வது? "நல்லா மூடியிருக்கு தம்பி" என்றேன்.

"அப்ப கொஞ்சம் விட்டதும் வந்துர்றேங்கா. ரெடியா இருங்க."

மூட்டம் விடவில்லை. தொட்டிலில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து அழுதன. நான் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறு கையால் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போல. "விட்டிருச்சா?" என்று கேட்டார்.

நான் வெளியே பார்த்தேன். வெள்ளைதான். "ஆமாண்ணே, பளிச்சுன்னு இருக்கு" என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாக அவரிடம் பிரியமாகச் சொன்னேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூட்டம் விலகிய உடனே நஸீர் வந்துவிட்டான், சொன்ன சொல் தவறவில்லை. படியில் அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு, யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னான்.

"இல்லன்னு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனேக்கா. பாதி வழியில மூட்டம் புடிச்சாலும் அந்தப் பாதையில திருப்ப எடமில்ல. நின்னு நின்னு வந்துதான் சேர்ந்திருப்பேன்."

வேன்தானே. அதற்கு எண்ணெய் தீர்ந்தால் ஓரமாக நிற்கும். வளைவில் மாட்டினாலும் குரல் கொடுத்தால் மலையில் நிற்கிற அத்தனை பேரும் இறங்கி வந்து தள்ளியிருப்போம்.