கதவில்லாத வாசலில் இரண்டு சோடிச் செருப்பு

பதுளையில் புதிய நகர மண்டபம் எழும்பியபோது அதைப் புகழ்ந்து பத்திரிகையில் எழுதியவன் நான். ஏசிக்குப் பதில் மலைக்காற்று, விளக்குக்கு வெயில், கழிப்பறைக்குக் கூரைமழை. ‘கதவே இல்லாத இந்த வாசலில் யாரும் யாரையும் கேட்காமல் நுழையலாம்’ என்று முடித்திருந்தேன். அந்தக் கட்டுரையை முழுதாக வாசித்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அது நான்தான்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அக்கா, தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்ட கீரையை ஞாயிறுகளில் பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில் விற்பாள். நடைபாதையை உடைத்துக் கட்டத் தொடங்கியதும் இடம் போயிற்று. ஞாயிறன்று மண்டபத்தில் மேல்மாடி வாசிகசாலை மட்டும்தான் திறந்திருக்கும்; கீழ்த்தளத்து நிழல் காலி. அதைக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள். அங்கே நடக்கும் மாநகர சபையின் மாதக் கூட்டத்தின் கடைசியில் பொதுமக்கள் பேசலாம். படித்த தம்பி துணைக்கு வர வேண்டும். வழிநெடுக பஸ்ஸில் அவளுக்கு மக்களாட்சியை விளக்கினேன். நன்றாகத் தூங்கினாள்.

வாசற்படியில் இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றோம். தோட்டத்து ஆபீசில் அப்படித்தான்: செருப்பும் வெளியே, ஆளும் வெளியே, உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் போவது. நான் லயத்தை விட்டு வந்து வெகுகாலம். என் காலுக்கு யாரும் சொல்லவில்லை போலும். சுவர் இல்லாததால் கூட்டம் தெளிவாகக் கேட்டது. பொதுமக்கள் பேசும் நேரம் எங்களில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

காவலாளி வந்து விசாரித்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

“அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க? காத்து வாங்க வந்தீங்கன்னு நெனச்சேன்.”

“இன்னும் கூப்பிடலையே.”

“யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. நீங்களாத்தான் போகணும்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீதானே தம்பி இத பேப்பர்ல எழுதுன?”

செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்ச் சேர்வதற்குள் பேசத் தொடங்கியிருந்தாள்.

“ஐயா, ஞாயித்துக்கெழம கீழ நெழல் சும்மாதான் கெடக்கு. நாங்க வித்துட்டு, எடத்தக் கூட்டிட்டுப் போறோம்.”

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் கூட்டத் தலைவர். எந்த மாதம் என்று அங்கேயே கேட்டாள். வருகிற ஞாயிறிலிருந்து என்று சொல்லவைத்த பிறகுதான் உட்கார்ந்தாள். நான் தயாரித்த உரை சட்டைப்பையிலேயே இருந்தது.

அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. அக்கா வாசலுக்கு நேரான தூணடியில் கீரை விற்கிறாள். வாசிகசாலைக்கு வருகிற யாராவது படியில் குனிந்தால் போதும், “செருப்போட போங்க, கூப்பிட மாட்டாங்க” என்று குரல் கொடுப்பாள்.

போன ஞாயிறு படியில் குனிந்த எனக்கும் கொடுத்தாள்.