சரக்கறையில் ஐம்பத்தைந்து நிமிடம்

என் தங்கை வீட்டுக்காரருக்குக் கதை கட்டத் தெரியாது. அதனால்தான் இதை நான் நம்புகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் பதினாறு வருஷமாக வேலை. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை தனியாக ஊர் சுற்றக் கிளம்பியபோது, "மேலயும் கீழயும் போய் அலுத்துப்போச்சு. இப்ப பக்கவாட்டுல போறார்" என்று தங்கை கிண்டலடித்தாள்.

வணிகக் கூட்டங்கள் ஒரு காலத்தில் கடந்துபோன பழைய நகரம் அது. மண் மதில். தோளை உரசும் சந்துகள். நடுவில் வணிகர்கள் தங்கிப்போன சத்திரம், முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சரக்கறைகள். மதியம் 2.10. வெளிவாசலில் காவலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு ஈ காக்கை இல்லை.

கடைசி அறைக்குள் மாப்பிள்ளையால் உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடிந்தது. நுழைந்ததும் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

தள்ளினார். விளிம்பில் விரலை விட்டு இழுத்தார். அசையவில்லை. ஜன்னல் இல்லை. போனில் சிக்னல் இல்லை. தொண்டை வற்றும்வரை கத்தினார். யாரும் வரவில்லை.

மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொண்டார். பதறாதே. மூச்சை மெதுவா விடு.

2.31.

டொக்... டொக்... டொக்.

எதிர்ச் சுவரிலிருந்து.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? சுவரில் வாயை வைத்துக் கேட்டார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ஏழு பேர்."

பெண் குரல். கிசுகிசுப்பாக. என்ன மொழியில் பேசினாள் என்று இன்றுவரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புரிந்தது, அவ்வளவுதான்.

"பயப்படாதீங்க. காவலாளி வந்துருவார். எல்லாரையும் எடுத்துடலாம்."

"சத்தம் போடாத."

"ஏன்?"

அவள் திருப்பிக் கேட்டாள்.

"உன்கூட யாரு?"

"யாருமில்ல. நான் ஒருத்தன்தான்."

அந்தப் பக்கம் யாரோ அழுகையை அடக்கும் சத்தம்.

"இல்ல... ரெண்டு மூச்சு கேக்குது."

மாப்பிள்ளை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அறைக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அவருக்குப் பின்னால்.

பையின் வார் தோளில் மெல்ல... இறுகியது.

"திரும்பாத" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அவர் திரும்பவில்லை. நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டார்.

பிடரியில் சூடான காற்று.

விட்டு... விட்டு...

3.05. வெளிச்சம். காவலாளி ஒரே விரலால் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பூட்டே கிடையாதே" என்றார்.

அந்தப் பக்கம் ஏழு பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை உளறினார். சுவருக்குப் பின்னால் அறையே இல்லை என்றார் காவலாளி.

பதினோரு மாதம் கழித்து அதே காவலாளி போட்டோ அனுப்பினார். மராமத்து வேலைக்காகச் சுவரை இடித்திருக்கிறார்கள். பின்னால் வாசலே இல்லாத ஒரு சின்ன அறை. ஏழு பேரின் எலும்புகள். யாரோ அவர்களை உள்ளே தள்ளி உயிரோடு அடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

ஆனால் சாந்து பூசிய கைத்தடங்கள் எல்லாம் சுவரின் உள்பக்கத்தில், எலும்புகள் கிடந்த பக்கத்தில் இருந்தன.

அவர்களை யாரும் அடைக்கவில்லை. மாப்பிள்ளை நின்ற அறையைத்தான், அந்த ஏழு பேரும் சேர்ந்து அடைத்திருக்கிறார்கள்.