மொரீசுக்குப் போகாதவன் சொன்ன மொரீசு

மொரீசுத் தீவில் மூன்று வருஷம் இருந்தவன் நான். அந்தக் கடலில் நான் குளிக்காத இடமே கிடையாது.

பொய்தான். நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர் ஏரி. அதிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை — பயம்.

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எழுத்து வாசனை இல்லாதவன். நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு உபதேசியார் எழுதுகிறார். கெட்ட வார்த்தைகளை அவரே விட்டுவிடுவார். அதனால்தான் பத்தி இவ்வளவு சின்னது.

போன வாரம் எங்கள் தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்ட் வாசலில், ஆளை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டான கேஜுக்காகக் காத்திருந்தோம். சுரங்கத்தில் இறங்குவதற்கு முன்னால் யாராவது ஏதாவது பேசியே ஆக வேண்டும். சும்மா நின்றால் அந்தக் குழி மனசுக்குள் வந்துவிடும். நான் மொரீசை எடுத்தேன்.

சரக்கு என்னுடையதல்ல. எங்கள் ஷிஃப்டில் கல் வாருகிற மாரி, நிஜமாகவே அந்தத் தீவில் கரும்பு வெட்டிவிட்டு வந்தவன். எப்போதாவது அவன் வாய் தவறிச் சொன்னதைப் பொறுக்கி வைத்திருந்தேன். அலையெல்லாம் கரைக்கு வெகு தூரத்திலேயே உடைந்துவிடுமாம். உள்ளே தண்ணீர் தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடக்குமாம். அந்தத் தீவு ஜனங்கள் ஆட்டுத்தோல் மேளத்தை நெருப்பில் காய்ச்சி அடித்து ஆடுவார்களாம் — பாதம் தரையை விட்டு எழும்பாது, இடுப்பு நிற்காது. நம் ஜனங்கள் அங்கேயும் அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்களாம்.

அத்தோடு நிறுத்தினேனா? கரும்பைக் கேஜில் ஏற்றி மேலே கொண்டுவருவதாகவும் சொல்லிவைத்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. எங்களுக்கு வேலை என்றாலே பூமிக்கு அடியில்தானே... எந்த லெவலில் விளைகிறது என்று குப்பன் மட்டும் கேட்டான். மூணாவது லெவல் என்றேன்.

நேற்று குப்பனின் பெண்சாதி எல்லம்மா என்னைத் தேடி வந்தாள். கப்பலுக்கு ஆள் சேர்க்கிறவனிடம் குப்பன் பேசி முடித்துவிட்டானாம். அஞ்சு வருஷ ஒப்பந்தம். இன்றைக்குச் சாயங்கால ரயில். அவளுக்கு ஏழாம் மாசம். அவளையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

"அங்க கடலப் பாத்தா கவலயே போயிடும்னு சொன்னீங்களாமே. நெசமாண்ணா?"

அவளை மாரியின் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனிடமும் அவள் கடலைத்தான் கேட்டாள். எப்படி இருக்கும் அது?

மாரி சுருட்டை அணைத்து ஓரமாக வைத்தான்.

"ரெண்டு வாட்டி பாத்தேம்மா. எறங்கன அன்னிக்கி ஒரு வாட்டி. திரும்பக் கப்பலேறன அன்னிக்கி ஒரு வாட்டி."

நடுவில்? தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டுமாம். சீட்டில்லாமல் ரோட்டில் நடந்தால் போலீஸ் பிடிக்குமாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ரெண்டு நாள் கூலி போகுமாம். அப்போ, அந்தத் தாம்பாளத் தண்ணீர்? அது துரை வீட்டுச் சமையல்காரன் சொன்னதாம். தீமிதி மட்டும் நிஜம். அவனே மிதித்திருக்கிறான்.

"அந்த நெருப்புல நடந்தப்ப மட்டுந்தாம்மா காலு என்னுதா இருந்துச்சு."

எல்லம்மா வயிற்றின் மேல் கையை வைத்தபடி எழுந்து போய்விட்டாள்.

ராத்திரி பூரா யோசித்தேன். ஒரு தேசத்தின் அழகை நமக்கு யார் சொல்கிறார்கள்? போகாதவன்தான். போய் வந்தவன் வாயை மூடிக்கொண்டு கல் வாருகிறான். அவன் வாய் திறப்பதற்குள் போகாதவன் ஒரு குடும்பத்தையே ரயில் ஏற்றிவிடுகிறான். இதில் பெரிய கூத்து என்னவென்றால்...

இருங்கள். எல்லம்மா வாசலில் வந்து நிற்கிறாள். மூட்டை கட்டியாகிவிட்டதாம்.

"மாரி அண்ணன் பொறாமையில சொல்றாராம். நீங்க வந்து சொன்னாதான் எங்க வூட்டுக்காரரு நம்புவாராம். எய்தறத அப்பறம் எய்துங்க. வாங்கண்ணா."

உபதேசியார் பேனாவை மூடப் போகிறார். போகிறேன். நான் கடலையே பார்த்ததில்லை என்று குப்பனிடம் சொல்லப் போகிறேன் — அதையும் என் கதை என்று அவன் சிரிக்காமல் இருக்க வேண்டுமே.