ஒமேகா கோழியும் மஞ்சள் பூச்சும்

"அம்மா, இது கோழி இல்ல... மீனு!"

போன ஞாயிறு மதியம், முதல் வாயிலேயே துப்பிவிட்டாள் என் மகள் யாழினி. நான்கு வயது. காய்ச்சலில் இருந்து எழுந்தவளுக்கு ஒன்றுமே இறங்கவில்லை. சட்டை மாற்றும்போது விலா எலும்பு தெரிகிறது. "முட்டை, பருப்பு, கறின்னு ஏதாவது உள்ள போகணும்மா" என்றார் டாக்டர். அவள் தொடுவது கோழி ஒன்றைத்தான்.

ஆனால் பிராய்லர் வாங்க எனக்குப் பயம். ஏன்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோக்கள்தான். ஊசி போட்டு ஊத வைத்த கோழியாம்! டிகிரி படித்தவள் நான். ஆதாரம் கேட்டேனா? இல்லை. பயந்தேன். தங்கைக்கும் ஃபார்வர்ட் செய்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நல்லம்பள்ளி போகிற வழியில் அந்த போர்டு கண்ணில் பட்டது. 'ஒமேகா மூலிகைக் கோழி - குழந்தைகளின் மூளைக்கு நல்லது'. விற்பவர் மூளைக்கா, வாங்குபவர் மூளைக்கா என்று யோசித்திருக்கலாம். குழந்தை என்ற வார்த்தையைப் பார்த்தபின் எந்த அம்மா யோசிக்கிறாள்? வாங்கி வந்துவிட்டேன்.

குழம்பு கொதிக்கும்போதே ஒரு வாடை. கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்து வூட்ல கருவாடா?"

"இல்லீங்க... நம்ம கோழிதான்."

"கடையில வாங்குனியா, கடல்ல புடிச்சியா?"

மிச்சக் கறியை டப்பாவில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். பெருமையாகச் சிரித்தார்.

"அதாங்க்கா ஒமேகா! வாசம் வந்தாத்தான் சத்து இருக்குன்னு அர்த்தம். மீன் எண்ணெய், ஆளி விதை எல்லாம் தீனியில கலக்கறோமில்ல!"

கடைக்கு வரும் வழியிலேயே பஸ்ஸில் போனை நோண்டிப் படித்திருந்தேன். கோழி தின்கிற கொழுப்பு அதன் கறியிலும் சேரும் - இது உண்மை. ஒமேகா நல்ல கொழுப்பு - இதுவும் உண்மை. ஆனால் அந்த வகைக் கொழுப்பு சீக்கிரம் கெட்டு, சிக்கு வாடை பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் மஞ்சள், முருங்கை இலை மாதிரி தாவரச் சரக்குகளையும் தீனியோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆக, போர்டில் இருக்கும் 'மூலிகை' வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது.

"சரி, மூலிகை என்ன போடறீங்க?"

"மஞ்சளுங்க்கா."

"தீனியில எவ்வளவு?"

"தீனியிலயா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னக்கா நீங்க... உரிச்சப்புறம் மேல பூசித்தான குடுத்தேன்! பளபளன்னு இருந்துச்சே, பாக்கலியா?"

நம் ஊர்ப் பக்கம் நாட்டுக்கோழியை உரித்து, மஞ்சள் பூசி, தீயில் வாட்டித்தானே வெட்டுவோம்? அந்தப் பூச்சுதான் மூலிகை! உயிரோடு இருந்தவரை மீன் எண்ணெய். செத்த பிறகு வைத்தியம். என்ன ஒரு விஞ்ஞானம்! அதற்கு ஒரு போர்டு, போர்டைச் சுற்றி சீரியல் பல்பு, அதன் கீழே கையில் பையோடு என்னைப் போல் பயந்த அம்மாக்கள்...

"குழந்த துப்பிட்டாளுங்க" என்றேன்.

"பழகிரும்க்கா. விடாம குடுங்க."

டப்பாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெருமுனைக் கடையில் சாதாரண பிராய்லர் வாங்கினேன். பயம் போய்விட்டதா? எங்கே! "தப்பு பண்றனாங்க?" என்று கணவரைக் கேட்டுக்கொண்டேதான் தாளித்தேன். "மொதல்ல அவ சாப்பிடட்டும்டி" என்றார்.

யாழினி கால் துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். கடித்தாள். எலும்பைச் சப்பிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னொண்ணு."

அந்தக் கோழி என்ன தின்றது என்று எனக்குத் தெரியாது. என் மகள் தின்றாள் - அது தெரியும்.

மஞ்சளா? குழம்பில் நானே போட்டேன், போர்டு வைக்காமல்.