பம்பருக்கு மாலை

பக்கத்து வீட்டுத் தம்பி புதுக் கார் எடுத்த சனிக்கிழமைதான் என் காரின் முன்பக்க பம்பர் நசுங்கியது. என் கார் என்றால் பழைய வெள்ளை அம்பாசடர். கல்யாணங்களுக்கு மட்டும் வாடகைக்கு ஓட்டுகிறேன். காரைக்காலில் கடல் காற்று எதையும் விட்டு வைப்பதில்லை. ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள், எல்லாவற்றையும் துரு தின்றுவிடும். அந்த குரோம் பம்பரை மட்டும் தேங்காய் எண்ணெய்த் துணியால் தினமும் துடைத்துத் துடைத்து, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு வைத்திருந்தேன்.

அன்று காலை தம்பியின் வீட்டு வாசலில் பூசை. புதுக் காரின் முதல் ஓட்டமே திருநள்ளாறு கோயிலுக்கு. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மணி அடித்துக் கற்பூரம் காட்டினார்கள். அவருடைய மாமனார் முன்னால் நின்று பூசணிக்காயைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்; எல்லோர் கண்ணும் அதில்தான். என் கார் அந்தக் காருக்குப் பின்னால் நின்றது. நான் என் வீட்டு ஜன்னலில் காபி டம்ளரோடு நின்றேன்.

முன்னால் எடுக்க வேண்டிய வண்டியைத் தம்பி ரிவர்ஸில் போட்டுவிட்டார். அது துள்ளிப் பின்னால் வந்தது. அதன் பின்பக்கத்தில் பாதுகாப்புக்கு மாட்டியிருந்த இரும்பு கார்டு என் பம்பரின் நடுவில் வந்து இடித்தது. சரியாக அதே நேரத்தில் மாமனார் பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைத்தார். பிறகு வண்டி முன்னால் நகர்ந்து, எலுமிச்சம்பழங்களை நசுக்கி, தெருமுனை திரும்பிப் போய்விட்டது. இரும்பு கார்டில் ஒரு கீறல் இல்லை.

"ஏங்க, ரெண்டு பூசணிக்காயை ஒண்ணா உடைச்சாங்களா?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

ஓடிப்போய் நிறுத்திச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புது வண்டியில், சனீஸ்வரனைப் பார்க்கப் புறப்படுகிற ஆளிடம், "நீங்க இடிச்சிட்டீங்க" என்று எப்படிச் சொல்வது? அந்தக் குடும்பமே அபசகுனம் என்று வண்டியை விட்டு இறங்கிவிடும். வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மத்தியானம் வந்தார்கள். தம்பி நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். "கையை நீட்டுங்கண்ணே" என்று திருநீறும் எள்ளுருண்டையும் கொடுத்தார். வாயில் எள்ளுருண்டையை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது?

மறுநாள் காலை அவர் என் காரின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது, எங்க போயி இடிச்சீங்க?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பச்சைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் வந்தது, "தெரியலைங்க தம்பி" என்பதுதான்.

"சரி விடுங்க, திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்கங்க."

பூசணிக்காய் உடைத்தது அவர். கழிந்த திருஷ்டி மட்டும் என்னுடையதாம்.

இதில் இன்னொரு சிக்கல். அந்த ஆவணியில் எனக்கு இருந்தது ஒரே ஒரு கல்யாணம். அதையும் பிடித்துக் கொடுத்தவர் இந்தத் தம்பிதான். பெண்ணின் அப்பா அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர். பேசி முடித்த அன்று பெண்ணின் அப்பா என் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "முன்னாடிதான் போட்டோ எடுப்பாங்க. பம்பர் இப்ப எப்படி மின்னுதோ அப்படியே மின்னணும். இல்லைன்னா புது வண்டியே பார்த்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார்.

என் மனைவி ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த வண்டியை விற்றுவிட்டு திருநள்ளாற்றில் டிராவல்ஸ் வண்டி ஓட்டப் போங்கள் என்று. இந்த ஆவணிக் கல்யாணமும் கை நழுவினால் விற்பது என்று முடிவாகியிருந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. அங்கே எப்போதும் ஓட்டம் உண்டு. ஆனால் அந்த டிரைவர்கள் வேலை நேரமெல்லாம் பேச வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை மறித்துக் கூப்பிட வேண்டும். எந்த லாட்ஜ், எங்கே குளிப்பது, நடை எப்போது திறக்கும், நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் மளிகைக் கடையில் எனக்கு முன்னால் யாராவது நுழைந்து சாமான் வாங்கினால்கூட, அவர் போகும் வரை பேசாமல் நிற்கிறவன். கல்யாணக் காரில் அந்தத் தொல்லை இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். டிரைவரை யாரும் பார்ப்பதில்லை, பேசுவதும் இல்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு இதைவிட நிம்மதியான தொழில் வேறு கிடைக்காது. அதனால் அந்த பம்பர் மின்னியாக வேண்டும்.

தம்பி தினமும் வந்தார். ஆலோசனையோடு வந்தார்.

"அண்ணே, இந்த வீடியோவப் பாருங்க. கொதிக்கிற தண்ணிய ஊத்துறான், உள்ளேருந்து ஒரு தள்ளு, டொக்கு வெளிய வந்துருச்சு. செலவே இல்ல!"

வீடியோவில் இருந்தது பிளாஸ்டிக் பம்பர். என்னுடையது கனத்த இரும்பு. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மனைவி ஒரு குண்டான் வெந்நீரோடு வந்துவிட்டார். ஊற்றினார்கள். தள்ளினேன். பம்பர் அப்படியே இருந்தது. என் கால் கட்டைவிரல் வெந்தது. மறுநாள், கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பரைக் கொண்டுவந்தார். அதை பம்பரில் வைத்து அழுத்தி இழுத்தார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ரப்பர் கழன்று, கட்டையோடு அவர் சாய்ந்தார். "பிடிமானம் பத்தலைண்ணே" என்றார். இடிக்கும்போது பிடிமானம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் பம்பரைக் கழற்றி நெடுங்காடு ரோட்டில் இருக்கிற டிங்கர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை மணல் மூட்டையின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக மரச் சுத்தியலால் தட்டினார். டொக்கு நன்றாகவே வெளியே வந்தது. சந்தோஷத்தோடு திருப்பிப் பார்த்தேன். தட்டிய இடத்தில் குரோம் வெடித்து, வெயிலில் காய்ந்த மீன் செதில் மாதிரி உரிந்து நின்றது.

"என்னங்க இது?"

"டொக்கு எடுக்கச் சொன்னீங்க, எடுத்தாச்சு. மினுக்குறது நம்ம வேலை இல்லைங்க. அதுக்குக் கும்பகோணம் போங்க."

டொக்கோடு இருந்தபோதாவது மின்னியது. இப்போது நேராக இருந்தது, ஆனால் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

கும்பகோணத்துக்கு வண்டி வைத்துக் கொண்டுபோகக் கட்டுப்படியாகாது. மனைவியின் பழைய புடவை ஒன்றில் பம்பரைச் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பார்த்தார்.

"என்னங்க, யாரையாவது சுருட்டிக் கொண்டு போறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நான் லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு, இரண்டு சீட்டுக்கு நடுவில் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் புடவை சுற்றியதை மேலும் கீழும் பார்த்தார். போதாததற்கு, அது கோயில் ஊரான கும்பகோணத்துக்குப் போகிற பஸ்.

"எந்தக் கோயிலுக்குங்க?" என்றார்.

இது கார் பம்பர் என்று சொன்னால், ஏன், எதற்கு என்று கேள்வி வரும். பேசாமல் தலையை ஆட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அவர் செருப்பைக் கழற்றினார். புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுருக்குப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து, "என் பேரால உண்டியல்ல சேர்த்துடுங்க" என்று என் கையில் வைத்தார். பின் சீட்டிலிருந்தும் ஒருவர் எழுந்து வந்து கும்பிட்டார். இறங்கும் வரை எனக்கு வியர்த்துக் கொட்டியது. கும்பகோணத்தில் இறங்கியதும், வந்த வேலையை விட்டுவிட்டு, அந்தப் பத்து ரூபாயைப் போட ஒரு கோயிலைத் தேடி, தோளில் பம்பரோடு நடந்தேன்.

முலாம் பூசுகிற கடைக்காரர் புடவையைப் பிரித்துப் பார்த்ததுமே கையை விரித்தார்.

"எங்க தொட்டியில குத்துவிளக்கு நிக்கும். ஊஞ்சல் சங்கிலி எறங்கும். இது எப்படிங்க படுக்கும்? மெட்ராஸ் போனாத்தான் உண்டு. பழைய முலாம் முழுக்க எடுத்துட்டுப் புதுசாப் போடணும். அந்தக் காசுக்கு நீங்க வேற பம்பரே வாங்கிடலாம்."

வேறு பம்பர் வாங்கக் காசு இருந்தால் நான் ஏன் இதைச் சுமந்துகொண்டு அலைகிறேன்? திரும்பி வரும்போது யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

உரிந்த இடத்தைத் தேய்த்து, கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டை அடித்தேன். காய்ந்த பிறகு, இரண்டு ஓரமும் பம்பராகவும் நடுப்பகுதி மட்டும் பள்ளிக்கூடத்துக் கேட்டாகவும் தெரிந்தது. தம்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே. பூக்காரர்ட்ட சொல்லி பம்பருக்கு ஒரு மாலை போட்டுருவோம். யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்யாணத்தன்று என் கார் மண்டப வாசலில், கழுத்துக்குப் பதில் பம்பரில் சாமந்தி மாலையோடு நின்றது. பெண்ணின் அப்பா தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். எனக்குப் பாதி உயிர் வந்தது. தாலி கட்டி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. அப்போது பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் காரைப் பார்த்து வந்தார். பெண்ணுக்குப் பெரியப்பா, பிரான்சில் இருக்கிறவர். பழைய கார் என்றால் அவருக்கு உயிராம். பானட்டைத் தடவினார். குனிந்தார். மாலையை விலக்கிப் பார்த்தார்.

"ஏங்க இதுல பெயிண்ட் அடிச்சிருக்கு?"

"உரிஞ்சு போச்சுங்க."

"ஏன் உரிஞ்சுது?"

"தட்டினதுலங்க."

"ஏன் தட்டினீங்க?"

"டொக்குங்க."

"டொக்கு இருந்தா என்னங்க? நாங்கள்லாம் அங்க பழைய வண்டியில டொக்கு இருந்தா கை வைக்கவே மாட்டோம். அதுதான் அதோட வயசு. அநியாயமாக் கெடுத்துட்டீங்களே!"

வெந்த கட்டைவிரல், பஸ், புடவை, உண்டியல் எல்லாம் ஒரு சுற்று கண் முன்னால் வந்து போயின. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுத் தம்பி ஐஸ்கிரீம் கப்போடு வந்தார்.

"மாலை நம்ம ஐடியாதாங்க" என்று பெரியவரிடம் சொன்னார். "அண்ணன் எங்கயோ கொண்டுபோயி இடிச்சிட்டாரு. எங்கன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்க மாட்டேங்கிறாரு."

"நீங்கதான் இடிச்சீங்க" என்றேன்.

உள்ளே மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா?"

"நீங்கதான். வண்டி எடுத்த அன்னைக்கு. ரிவர்ஸ்ல போட்டு."

"அது பூசணிக்காய்ச் சத்தம் இல்லையா?"

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அதே பச்சைக் குழந்தை முகம். ஒரு மாசமாகக் காலையில் எழுந்தால் நான் பார்த்து வந்த முகம். நடிப்பு என்று நினைத்துப் பல்லைக் கடித்தேனே, அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சாமி கும்பிடப் பொறப்பட்டவங்கள்ட்ட எப்படிங்க சொல்றது?"

"சரி, வந்தப்புறம்?"

"வாயில எள்ளுருண்டையக் குடுத்துட்டீங்க."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆரம்பித்துவிட்டதை என்னால் நிறுத்த முடியவில்லை. வெந்நீர், ரப்பர், டிங்கர், பஸ்ஸில் கும்பிட்ட அம்மா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு பேசியதில்லை. பெண்ணின் அப்பா வந்து என்ன என்று கேட்டார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சொன்னார். அவரும் சிரித்தார். பம்பரைப் பார்க்கவே மறந்துவிட்டார்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "அப்ப இத்தனை நாளா என்னைய என்னன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மாலையைச் சரிசெய்வது போல் பம்பர் பக்கம் குனிந்துகொண்டேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். வண்டி மண்டபத்து வாசலைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளை முன்னால் சாய்ந்தார். "என்னண்ணே, அந்த பஸ் கதையச் சொல்லுங்க, நாங்க உள்ள இருந்தோம், காதுல விழல." அவர்கள் வீடு வரைக்கும் சொன்னேன். இறங்கும்போது அந்தப் பெண், "வீடியோ எடுத்திருக்கலாம்" என்றாள்.

தம்பி மறுவாரமே பாண்டிச்சேரியில் எங்கோ தேடி, நல்ல குரோமோடு ஒரு பழைய பம்பரை வாங்கிவந்து மாட்டினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது அது மின்னுகிறது. ஐப்பசிக்கு இரண்டு முகூர்த்தம் வந்திருக்கிறது. மனைவி வண்டியை விற்கிற பேச்சை விட்டுவிட்டாள். எல்லாம் நல்லதுதான். ஆனால் நேற்று மூன்றாவதாக ஒருவர் போன் செய்தார். வாடகை கேட்கவில்லை, பம்பர் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

"நீங்கதானே அந்தப் பேசுற டிரைவர்?" என்றார்.

மனைவி எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.